செப்புத் தகட்டில் மச்சாள்

கோபாலகிருஷ்ணனுக்குத் தன் மனைவியின் அக்காவைக் கண்ணில் காட்டக்கூடாது. அக்காவுக்கும் அவரை அப்படித்தான். இதில் ஒளிவுமறைவு எதுவும் இருக்கவில்லை. லண்டன் செவன் கிங்ஸில் அவர்கள் வீட்டுக்கு வந்துபோகிற எல்லாருக்கும் அது தெரியும். வருகிறவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, முன்னறையில் அவளோடு கொஞ்ச நேரம், பின்வளவில் அவரோடு கொஞ்ச நேரம் என்று தனித்தனியாகக் கதைத்துவிட்டுப் போவார்கள்.

அக்காவின் பெயர் சிவனேஸ்வரி. 1961இல் கோபாலகிருஷ்ணனின் சாதகம் முதலில் அவளுக்குத்தான் பேசப்பட்டது. பொருத்தம் நன்றாக இருந்தது. மாப்பிள்ளைக்குக் கொழும்பில், நில அளவைத் திணைக்களத்தில், படவரைஞர் உத்தியோகம். தகப்பனுக்கு முழுச் சம்மதம். சாதகத்தோடு போன போட்டோவைக் கையில் வாங்கிப் பார்த்த சிவனேஸ்வரி, "இந்தக் காதுகளோட ஒரு மனிசனை எனக்குப் பக்கத்தில நிப்பாட்டிப் படம் எடுக்கேலாது" என்று சொல்லி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நல்ல சம்பந்தத்தை விட மனமில்லாத தகப்பன், அதே சாதகத்தை இளைய மகள் கனகாம்பிகைக்குப் பார்த்தார். கனகாம்பிகையிடம் யாரும் போட்டோவைக் காட்டவில்லை.

இந்தக் கதை கோபாலகிருஷ்ணனுக்கு கலியாணத்துக்குப் பிந்திய நாலாம் சடங்கு விருந்தில்தான் தெரிய வந்தது. பெண்வீட்டுப் பெடியன் ஒருவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்துச் சிரித்துச் சொன்னான். பந்தியில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவரும் சிரிக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு முகத்தில் வரவழைத்த அந்தச் சிரிப்பு அவருக்கு ஆயுள் முழுவதும் தாடையில் வலித்தது.

சிவனேஸ்வரி பிறகு ஒரு மதுவரி இன்ஸ்பெக்டரைக் கட்டினாள். நல்ல உயரம், நல்ல நிறம், அடங்கின காது. கொழும்பில், வெள்ளவத்தையில் வீடு. கோபாலகிருஷ்ணனும் கனகாம்பிகையும் 1967இல் லண்டனுக்கு வந்தார்கள். கிழக்கு லண்டன் கவுன்சில் ஒன்றில் அவருக்கு வரைபடப் பிரிவில் வேலை கிடைத்தது. தெருக்களுக்கு அடியில் ஓடுகிற கழிவுநீர்க் குழாய்களைக் கடுதாசியில் வரைவதுதான் வேலை. பிள்ளைகள் இல்லை. அவர் வேலைக்குப் போனார், வந்தார், தோட்டத்தில் தக்காளி நட்டார். கனகாம்பிகை ஒரு பேக்கரியில் வேலைக்கு நின்றாள். இருவருக்கும் நடுவில் பெரிய சண்டையும் இல்லை, பெரிய பேச்சும் இல்லை.

இன்ஸ்பெக்டர் மாரடைப்பில் போய்ச் சில வருஷங்களில் 1983 ஜூலைக் கலவரம் வந்தது. வெள்ளவத்தை வீடு எரிந்தது. உடுத்த சேலையோடு சிவனேஸ்வரி பக்கத்து வீட்டு மதிலால் ஏறிக் குதித்து, அகதி முகாமில் கிடந்து, கடைசியில் அடுத்த தை மாதம் லண்டனுக்கு வந்து சேர்ந்தாள். அவளை ஹீத்ரோவில் எதிர்கொண்டு கூட்டிவந்தவர் கோபாலகிருஷ்ணன்தான். கடன் வாங்கின கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு நின்றவளைக் கண்டபோது அவருக்கு உண்மையாகவே இரக்கமாக இருந்தது. அந்த இரக்கம் வீட்டு வாசல் வரைக்கும் தாங்கியது. காரால் இறங்கி நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்த சிவனேஸ்வரி, "கனகம், நீ காயிதத்தில வீடு பெரிசு எண்டெல்லே எழுதினனி?" என்றாள்.

முன்னறை அவளுடையதாயிற்று. ஜன்னலோரக் கதிரை அவளுடையதாயிற்று. வீட்டைச் சூடாக்குகிற ஹீற்றிங்கை அவள் கூட்டுவாள், அவர் குறைப்பார். அவர் வாங்கிவருகிற மீனை அவள் மணந்து பார்ப்பாள். அவரோடு நேரே ஒரு சொல் பேசுவதில்லை. ஒரே மேசையில், கைக்கெட்டும் தூரத்தில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்க, "கனகம், உன்ர மனிசனிட்டச் சொல்லு, சத்தம் போடாமல் மெண்டு சாப்பிடச் சொல்லி" என்பாள். அவரும் விடமாட்டார். "கனகம், உன்ர கொக்காவிட்டச் சொல்லு, இது வெள்ளவத்தை இல்லை எண்டு." கனகாம்பிகை இருவருக்கும் நடுவில் கறிச்சட்டியோடு நிற்பாள். வந்தவர்கள் அவர் என்ன வேலை என்று கேட்டால், அவர் வாய் திறக்கமுன்னமே முன்னறையிலிருந்து குரல் வரும். "கக்கூஸ் குழாய் கீறுறவர்."

யாழ்ப்பாணத்தில் படம் வரைவதையும் கீறுவது என்றுதான் சொல்வார்கள், நகத்தால் பிறாண்டுவதையும் கீறுவது என்றுதான் சொல்வார்கள். சிவனேஸ்வரியின் வாயில் அந்தச் சொல்லுக்கு இரண்டாவது பொருள்தான் இருந்தது.

1990இல் கவுன்சில் ஆட்களைக் குறைத்தபோது அவரை முன்கூட்டியே ஓய்வில் அனுப்பினார்கள். வீட்டில் இருந்த முதல் வாரத்திலேயே ஹீற்றிங் சண்டையில் ஒரு தட்டு உடைந்தது. கனகாம்பிகை துண்டுகளைக் கூட்டி அள்ளிவிட்டு அவரைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"உங்கள் ரெண்டு பேரையும் நாள் முழுக்க ஒரு வீட்டுக்க வைச்சிருக்க என்னால ஏலாது. ஒராள் வெளியில போகவேணும். அவா போகமாட்டா. நீங்கள் போங்கோ."

"எங்க போறது?"

"எங்கயாவது. படிக்கப் போங்கோ."

இல்ஃபோர்டுப் பக்கம் ஒரு முதியோர் கல்வி நிலையத்தில் நீர்வண்ண வகுப்புக்குப் போனார். அது நிரம்பிவிட்டது. செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் போட்டு, அச்செடுக்கிற வகுப்பில் இடம் இருக்கிறது என்றார்கள். அதில் சேர்ந்தார். ஆசிரியை பிறைஸ் என்ற பெண். நரைத்த தலைமயிரைப் பென்சிலால் குத்திக் கொண்டை போட்டிருப்பாள். விரல் நகங்களில் எப்போதும் கறுப்பு மை.

வேலை அவருக்குப் பிடித்தது. தகட்டை மினுக்கி, அதன்மேல் மெழுகை மெல்லிசாகப் பூசிப் புகையில் கறுப்பாக்க வேண்டும். ஊசியால் அந்தக் கறுப்பின்மேல் கீறினால், கீறின இடத்தில் செம்பு தங்கம்போலப் பளிச்சிடும். பிறகு தகடு அமிலத்துக்குள் போகும். மெழுகு விலகின இடத்தை மட்டும் அமிலம் தின்னும். கூட நேரம் விட்டால் கோடு ஆழமாகும், அச்சில் கறுப்பாக விழும். இருபத்துமூன்று வருஷம் குழாய் கீறின கைக்கு நேர்கோடு சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் முகம் வரவில்லை. அவர் கீறுகிற முகங்கள் எல்லாம் தெருமுனை வரைபடம்போல இருந்தன. பிறைஸ் பார்த்துவிட்டு நாகரிகமாக ஒன்றும் சொல்லமாட்டாள்.

கார்த்திகையில் ஒருநாள் அவள் வகுப்பை ஒரு பெரிய மியூசியத்தின் அச்சுப்பட அறைக்குக் கூட்டிப்போனாள். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின ஒல்லாந்துப் படங்களை ஒரு அலுவலர் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்தினார். எல்லாம் வயதுபோனவர்கள். முன்மண்டை வழுக்கையாகி நெற்றியில் நரம்பு புடைத்த கிழவர்கள். தாடிக்குள் வாய் தொலைந்தவர்கள். யாரோ கிழக்கு நாட்டு ராசா என்று காட்டுவதற்காகத் தலைப்பாகை சுற்றி இருத்தப்பட்ட உள்ளூர்க் கிழவர் ஒருவர். கும்பிட்ட கையோடு கண்ணை மூடியவள், புத்தகத்தின்மேல் தூங்கிப்போனவள். அந்தக் காலத்தில் முதுமையை இப்படித்தான் காட்டினார்கள் என்று பிறைஸ் விளக்கினாள். செபிக்கிறவராக, படிக்கிறவராக, சாவை நினைக்கிறவராக. அதனால்தான் முக்கால்வாசிப்பேர் கீழே பார்க்கிறார்கள்.

கடைசியாக வந்தது தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய படம். ரெம்பிராண்ட் என்கிற ஓவியர் இருபத்திரண்டு வயதில் தன் தாயைக் கீறியது என்று சொல்வதாக அலுவலர் சொன்னார். கோபாலகிருஷ்ணன் பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தார். பல்லில்லாமல் உள்ளே விழுந்து இறுகின உதடு. கண்ணுக்குக் கீழே பை. கன்னத்துத் தோலில் ஒரு மயிரிழைகூட விட்டுக்கொடுக்காமல் அத்தனை சுருக்கமும்.

"எவ்வளவு அன்பு பாருங்கள்," என்றாள் பிறைஸ்.

கோபாலகிருஷ்ணனுக்கு அந்தப் படத்தில் அன்பு தெரியவில்லை. யாரோ ஒருவன் ஒரு கிழவியை ஒரு சலுகையும் கொடுக்காமல் பார்த்திருக்கிறான் என்பதுதான் தெரிந்தது. அந்த இறுகின உதட்டைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தன் வீட்டு முன்னறை ஞாபகம் வந்தது. சிவனேஸ்வரியின் மேலுதட்டுக்குமேல், பவுடர் தங்கிநிற்கிற நுணுக்கமான கோடுகள். அவருக்குத் தன் கைக்கு ஏன் முகம் வரவில்லை என்று அப்போது விளங்கியது. இவ்வளவு நாளும் அவர் தனக்கு ஒன்றும் இல்லாதவர்களைக் கீறிக்கொண்டிருந்திருக்கிறார்.

வகுப்புக்கு வேலை கொடுக்கப்பட்டது. தெரிந்த ஒரு வயதானவரின் முகம். சாப்பாட்டு மேசையில் அவர் அதைச் சொன்னார்.

"நான் இருக்கிறன்," என்றாள் கனகாம்பிகை உடனே. கையைத் துடைத்துத் தலைமயிரை ஒதுக்கிக்கூட விட்டாள்.

சிவனேஸ்வரி சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "நீ ஒரு இடத்தில இருக்கமாட்டாய், கனகம். உன்ர மனிசனிட்டச் சொல்லு, என்னைக் கீறச் சொல்லி. வயது போனவை எண்டு பேர் போட வேண்டாம். ஆனா எனக்கு ஒரு படம் வேணும். எரிஞ்ச வீட்டோட என்ர படம் எல்லாம் போச்சு. கலியாணப் படமும் இல்லை, குமராயிருந்த படமும் இல்லை. பாஸ்போட்டில இருக்கிறது ஒரு படமே?"

அவள் ஒன்றைக் கேட்பது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. கோபாலகிருஷ்ணன் அவளைப் பார்க்காமல், "ஓம், கீறலாம்" என்றார். கனகாம்பிகை எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிவனேஸ்வரி படத்துக்காக முன்னறையில் இருந்தாள். பச்சைப் பட்டுச்சேலை, கனகாம்பிகையிடம் வாங்கின அட்டியல், கறுப்படித்த தலைமயிர், முகம் நிறையப் பவுடர். அறுபத்திரண்டு வயதில் ராணிமாதிரி நிமிர்ந்து, நேரே அவருடைய கண்ணைப் பார்த்தபடி. இடையில் கனகாம்பிகை இல்லாதபடியால் நேரேயே பேச வேண்டியிருந்தது.

"மூக்கை ஒழுங்காக் கீறுங்கோ. எங்கட ஐயாவின்ர மூக்கு."

"அசையாதேங்கோ."

"நான் அசையேல்லை. உங்கட கைதான் நடுங்குது."

"நடுங்கேல்லை."

"அந்தக் காலத்திலயும் உங்களுக்கு இப்பிடித்தான் முகம் சிவக்கும் போல. போட்டோவிலயே தெரிஞ்சது. ரெண்டு காதும் லாம்பு மாதிரி."

ஊசியைப் பிடித்த கை அந்தக் கணத்தில் கல்லுமாதிரி உறுதியாக இருந்தது. இடது இமை வலதைவிடத் தாழ்ந்திருப்பதைக் கண்டார். தோடு இழுத்து நீண்ட காதுத் துவாரம், கழுத்தில் நீளவாக்கில் நிற்கிற இரண்டு நரம்பு, தாடைக்குக் கீழே தொய்ந்த தோல், பவுடருக்கு அடியில் கன்னத்தில் கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க அவருக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி பரவியது. பட்டுச்சேலையைக் கீறவில்லை. அட்டியலைக் கீறவில்லை. கறுப்படித்த தலைமயிரை வெறும் வெள்ளையாக விட்டார். அவள் கேட்ட மூக்கை மட்டும் அப்படியே கீறினார். அந்த மூக்கு நன்றாக இருந்தால்தான் மற்றதெல்லாம் எவ்வளவு விழுந்துபோயிற்று என்று தெரியும் என்பதற்காக.

முதல் அச்சு ஈரக் கடுதாசியில் உரிந்து வந்தபோது வகுப்பே சுற்றிக் கூடிவிட்டது. பிறைஸ் வாயில் கையை வைத்தாள்.

"யார் இவர்?"

"மனைவியின் அக்கா."

"உங்களுக்கு இவர்மேல் நிறைய அன்பு."

கோபாலகிருஷ்ணன் கையைத் துணியில் துடைத்தார். மறுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்கமாட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். அவரால் விட முடியவில்லை. ஒருமுறை அச்செடுத்த தகட்டைத் திரும்ப மெழுகு பூசி, இன்னும் கோடு சேர்த்து, இன்னும் ஆழமாகத் தின்ன விடலாம். ஒல்லாந்துக்காரர்களும் அப்படித்தான் செய்தார்கள் என்று பிறைஸ் சொல்லியிருந்தாள். அவர் வாய்க்கோடியில் சேர்த்தார், அடுத்த கிழமை கண்ணுக்குக் கீழே சேர்த்தார். அவளைப் பார்க்காமலே சேர்த்தார். ஒவ்வொரு அச்சிலும் சிவனேஸ்வரிக்கு ஐந்தாறு வயது கூடியது. பங்குனி முடிகிறபோது படத்தில் அவளுக்கு எண்பத்தைந்துக்கு மேல். முகம் முழுவதும் வலை பின்னினதுபோலக் கோடு. அதற்குள் அந்தப் பழைய மூக்கும், கீழே பார்க்க மறுத்து நேரே உறுத்துப் பார்க்கிற இரண்டு கண்ணும்.

"கனகம், படம் முடிஞ்சுதோ எண்டு கேள்," என்பாள் சிவனேஸ்வரி மேசையில். ஞாயிறுகள் முடிந்ததும் நேர்ப் பேச்சும் முடிந்துவிட்டது.

"இன்னும் இல்லையாம்."

ஆனி மாதம் நூலக மண்டபத்தில் வகுப்பின் கண்காட்சி. கோபாலகிருஷ்ணன் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. நூலகத்துக்குப் புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போன கனகாம்பிகைதான் விளம்பரத்தைக் கண்டு வந்து சொன்னாள். சிவனேஸ்வரி அதே பச்சைப் பட்டை உடுத்துக்கொண்டு வெளிக்கிட்டாள்.

மண்டபத்தில் ஆட்கள் வைன் கிளாஸோடு நின்றார்கள். படம் கதவுக்கு நேரெதிரே, தனியாக, நல்ல வெளிச்சத்தில். கீழே பிறைஸின் கையெழுத்தில் 'முதிய பெண், நேர்முகம்' என்று ஒரு அட்டை. கோபாலகிருஷ்ணன் சுவரோரமாக நின்று, அவள் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நாளாக அவர் காத்திருந்தது இதற்குத்தான். அவள் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். முதுகுதான் தெரிந்தது. முதுகில் ஒரு அசைவும் இல்லை.

பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண், படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மிக மரியாதையாக, "உங்கள் அம்மாவா?" என்று கேட்டாள்.

சிவனேஸ்வரி அவள் பக்கம் திரும்பினாள். "ஆம். என் அம்மா," என்றாள் தன் பழைய கொன்வென்ற் ஆங்கிலத்தில். "செத்துப்போனா."

"மன்னிக்க வேண்டும். மிகவும் அழகான படம்."

"நன்றி."

வீட்டுக்குள் வந்து, செருப்பைக் கழற்றி வைத்து, அட்டியலைக் கழற்றிக் கனகாம்பிகையின் கையில் கொடுத்துவிட்டு, சிவனேஸ்வரி கோபாலகிருஷ்ணனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பழி வாங்கிப் போட்டீர்," என்றாள். நீங்கள் என்பது போய்விட்டது.

"இருந்ததைத்தான் கீறினனான்."

"பொய். எனக்குக் கண்ணாடி இல்லையே வீட்டில? என்ர முகத்தில என்ன இருக்குது, என்ன இல்லை எண்டு எனக்குத் தெரியும். நீர் உமக்கு வேண்டியதைக் கீறினீர். நான் எப்ப அப்பிடி ஆவன் எண்டு எத்தினை வருஷமாப் பாத்துக்கொண்டிருந்தனீர்?"

"சனம் எல்லாம் நல்ல படம் எண்டுதான் சொன்னது."

"அந்த விசர்ச் சனம் அன்பு எண்டு சொல்லுது. அன்பாம்! வீட்டில என்ர படம் ஒண்டும் இல்லை எண்டு வாய் விட்டுக் கேட்டன், அதுவும் உம்மட்ட. இனி நான் செத்தாலும் அந்த மண்டபத்தில நிண்ட சனத்துக்கு என்ர முகம் அதுதான்."

"நீங்கள் ஒருக்கால் என்ர போட்டோவைப் பாத்துச் சொன்னது மட்டும் என்ன?"

அது அவருடைய வாயிலிருந்து வருமென்று அவரே நினைக்கவில்லை. முப்பது வருஷம் வராதது வந்துவிட்டது. சிவனேஸ்வரி ஒரு கணம் விளங்காமல் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அதோ! உந்தக் காதுக்கோ!"

"வாயை மூடுங்கோ ரெண்டு பேரும்."

கனகாம்பிகை கத்தினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் அப்படிப் பேசி அந்த இருவரும் கேட்டதில்லை. அட்டியலை மேசையில் போட்டாள்.

"ஒரு போட்டோவை வைச்சு முப்பது வருஷமாச் சண்டை பிடிக்கிறியள். அந்தப் போட்டோவுக்குப் பிறகு நடந்தது என்ர கலியாணம். நீ வேண்டாம் எண்டதை எனக்குத் தந்தவை. உங்களுக்கு அவள் கிடைக்கேல்லை எண்டு என்னைத் தந்தவை. என்னட்ட யாராவது கேட்டவையே?" புருஷனின் பக்கம் திரும்பினாள். "மாசக்கணக்கா அவளின்ர முகத்தைப் பாத்தியள். எந்த இமை தாழ்ந்திருக்குது, எங்க மச்சம் எண்டு எல்லாம் தெரியும் உங்களுக்கு. என்ர முகத்தில என்ன இருக்குது, சொல்லுங்கோ பாப்பம். அங்கால திரும்பிக்கொண்டு சொல்லுங்கோ."

கோபாலகிருஷ்ணன் வாயைத் திறந்தார். அவருக்குக் கனகாம்பிகையின் கை ஞாபகம் வந்தது, பேக்கரி மா ஒட்டின கை. குரல் ஞாபகம் வந்தது. முகம் வரவில்லை. எதிரே நிற்கிறவளைப் பார்த்துச் சொல்லலாம் என்றால், அவள் அதற்குள் குசினிக்குள் போய்விட்டாள்.

சிவனேஸ்வரி அந்த மாதமே வீட்டை விட்டு வெளிக்கிட்டாள். நோர்பரியில் பாலாம்பிகை என்று ஒரு விதவை, வெள்ளவத்தைக் கால அயலவள், மேல்மாடி அறையைத் தருவதாகச் சொன்னாள். போகிற அன்று, கோபாலகிருஷ்ணன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், பின்வளவுக் கொட்டிலுக்குள் போய், அவர் அங்கே வைத்திருந்த தகட்டை எடுத்துச் சேலைகளுக்கு நடுவில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். பிறைஸ் இன்னும் சில அச்சு எடுக்கலாமே என்று கேட்டபோது, தகடு தொலைந்துவிட்டது என்று அவர் சொன்னார்.

வீடு அவருக்கு மீண்டும் கிடைத்தது. ஹீற்றிங் அவர் வைத்த இடத்திலேயே நின்றது. முன்னறைக் கதிரையில் அவர் உட்கார்ந்து பார்த்தார். கனகாம்பிகை முன்னைப்போலச் சமைத்தாள், முன்னைப்போலக் கோப்பியை நேரத்துக்கு வைத்தாள். ஒருநாள் அவர் பென்சிலோடு வந்து, "கொஞ்ச நேரம் இரு, உன்னைக் கீறுவம்" என்றார்.

"எனக்கு வேண்டாம்."

"ஏன்?"

"அண்டைக்கு நான் கேட்டனான். இப்ப கேக்கேல்லை."

அடுத்த வருஷமும் கேட்டார். அதே பதில். வகுப்புக்குத் தொடர்ந்து போனார். பஸ் தரிப்பிடத்துக் கிழவர், தோட்டத்தில் நிற்கிற பக்கத்து வீட்டுக்காரர், நூலகத்தில் பேப்பர் படிக்கிற யூதக் கிழவி. எல்லாம் ஒழுங்காக வந்தன; எல்லாம் வரைபடம்போல வந்தன. பிறைஸ் பழையபடி நாகரிகமாக மௌனமானாள். கனகாம்பிகையை மறைவில் பார்த்துப் பார்த்துக் கீற முயன்றார். அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வீட்டுக்குள் ஒரு ஆள் முகத்தைக் காட்டாமலே நடமாட முடியும் என்று அவர் அதுவரை அறிந்திருக்கவில்லை.

1994 மார்கழியில் சிவனேஸ்வரி பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். பாலாம்பிகையால் தனியே சமாளிக்க முடியவில்லை. கனகாம்பிகை ஒரு பையை அடுக்கிக்கொண்டு நோர்பரிக்குப் போனாள். தைப்பொங்கலுக்கு வரவில்லை. மாசியிலும் வரவில்லை. போனில் கேட்டால், "அவா இன்னும் படி ஏறி இறங்கமாட்டா" என்பாள்.

பங்குனியில் அவர் லண்டனின் ஒரு தலையிலிருந்து மற்றத் தலைக்கு ரயில் மாறி மாறிப் போய் அந்த வீட்டு மணியை அடித்தார். கனகாம்பிகை கடைக்குப் போயிருந்தாள். பாலாம்பிகை அவரைக் குசினிக்குள் இருத்தினாள். நாலுகால் தடியைத் தள்ளிக்கொண்டு சிவனேஸ்வரி வந்தாள். தலைமயிருக்குக் கறுப்படிப்பதை விட்டிருந்தாள். இளைத்து, கன்னம் ஒட்டி, வாய் உள்ளே போயிருந்தது. படத்தில் இருந்த முகத்துக்குக் கிட்ட வந்துவிட்டாள் என்று கோபாலகிருஷ்ணனுக்குப் பட்டது. சந்தோஷப்படலாம் என்று தேடிப் பார்த்தார், வரவில்லை.

அவள் அவருடைய பார்வையைக் கண்டுகொண்டாள். "வடிவாப் பாரும்," என்றாள். "இப்ப சரியோ? இன்னும் எங்கயாவது கோடு குறையுதோ?"

அடுப்பிலிருந்து பருப்புச் சட்டியை இறக்கின பாலாம்பிகை அதை மேசையில் ஒரு உலோகத் துண்டின்மேல் வைத்தாள். அது அந்தத் தகடு. இரும்பு நாரால் தேய்த்துத் தேய்த்து மேற்பரப்பு முழுவதும் கீறல் விழுந்திருந்தது. ஆனால் அமிலம் தின்ற கோடு தேய்ந்து போகாது. சட்டிக்கு வெளியே ஒரு கண்ணும் நெற்றியும் தெரிந்தன. கோடுகளுக்குள் மஞ்சள் ஏறியிருந்தது.

"நல்லாச் சூடு தாங்குது," என்றாள் சிவனேஸ்வரி. "நீர் செய்ததில உதுதான் ஒரு பிரயோசனமான வேலை."

"கனகத்தை அனுப்புங்கோ. எனக்குச் சமைக்கத் தெரியாது."

"நான் பிடிச்சு வைச்சிருக்கேல்லை. விருப்பமெண்டால் வருவாள்."

கனகாம்பிகை பால் போத்தலோடு உள்ளே வந்தாள். அவரைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. வீட்டுப் பின்கதவைப் பூட்டினாரா, தபாலை எடுத்தாரா என்று கேட்டாள். கூட வருகிறாயா என்று அவர் கேட்க, "இப்ப இல்லை" என்றாள். அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் தனியே திரும்பினார்.

வைகாசி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவர் முட்டை பொரித்துக்கொண்டிருக்கையில், முன்கதவுப் பூட்டில் திறப்புத் திரும்பும் சத்தம் கேட்டது. கனகாம்பிகை பையை நடையில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். முகம் சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள், அல்லது சண்டை பிடித்திருக்கிறாள்.

"என்ன நடந்தது?"

"மீனை மணந்து பாத்தவா. ஒவ்வொரு நாளும் மணக்கிறா. உப்புக் கூட எண்டுறா, குறைய எண்டுறா. பாலாம்பிகையையும் அழப்பண்ணிப் போட்டா. அவாவோட ஒரு மனிசர் இருக்கேலாது."

கோபாலகிருஷ்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வந்த உண்மையான சிரிப்பு. "அதை நான் எப்பவோ சொன்னனான்," என்றார்.

கனகாம்பிகை சிரிக்கவில்லை. கோட்டைக் கழற்றிக் கொளுவினாள்.

"உங்களோடயும் இருக்கேலாது," என்றாள். "ஆனா இது என்ர வீடு. முன்னறையில என்ர கட்டிலைப் போட்டுத் தாங்கோ. நான் இனி அங்கதான் படுக்கிறன். முட்டை கருகுது, போய்ப் பாருங்கோ."

அவர் போய் முட்டையை இறக்கினார். அன்று பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இருவருமாக மாடியிலிருந்து கட்டிலைக் கழற்றி இறக்கினார்கள். கனகாம்பிகை நின்று, எந்தப் பக்கம் தலைமாடு வர வேண்டும் என்று கையால் காட்டினாள்.